சைஸ் வந்ததா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?

40 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். பேரிங் உட்காரும் இடத்துக்கு டிராயிங்கில் கே5 என்று போட்டிருக்கிறது. அதாவது 40.002 முதல் 40.013 மி.மீ. வரை. மொத்தமே 11 மைக்ரான். மேல் எல்லையைத் தாண்டினால் பேரிங்கின் உள்வளையம் அதிகம் விரிந்து, உள்ளே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து, ஓடும்போது சூடேறும். கீழ் எல்லைக்குக் குறைந்தால் வளையம் ஷாஃப்ட்டின் மேல் மெல்ல நழுவி இரண்டையும் தேய்க்கும். முதலாவதைத் திரும்ப கிரைண்டிங்கில் ஏற்றிக் காப்பாற்றிவிடலாம். இரண்டாவது நேரே ஸ்கிராப் தொட்டிக்குத்தான்.

இந்த ஜாப்பை சிஎன்சி சிலிண்டிரிக்கல் கிரைண்டிங் மெஷினில் ஏற்றி, திரையில் 40.007 காட்டும் வரை ஓட்டி, இறக்கி மைக்ரோமீட்டரில் பார்த்தால் 40.019 வருகிறது. மெஷின் பொய் சொல்லவில்லை. அது சொன்னது, அரைக்கும் வீலைச் சுமந்து நகரும் ஸ்லைடு எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான். ஜாப்பின் விட்டம் என்ன என்பது வேறு கேள்வி. கிரைண்டிங்கில் சைஸ் சம்பந்தப்பட்ட தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக நினைப்பதிலிருந்தே கிளம்புகின்றன.

ஸ்லைடு வேறு, ஜாப் வேறு

லேத்தில் டூல் முனை தேய்வது மெதுவாக நடக்கும். கிரைண்டிங்கில் வெட்டும் முகமே ஒவ்வொரு ஜாப்பிலும் கரைகிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மி.மீ. அகலமுள்ள பேரிங் சீட்டில் விட்டத்துக்கு 0.3 மி.மீ. எடுக்கிறோம். ஜாப்பிலிருந்து போகும் உலோகம் ஏறக்குறைய 565 கன மி.மீ. எடுக்கும் உலோகத்துக்கும் தேயும் வீலுக்கும் உள்ள விகிதத்தை ஜி விகிதம் என்பார்கள். அது 40 என்று வைத்தால், வீலிலிருந்து போவது 14 கன மி.மீ. 500 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. அகலமும் உள்ள வீலில் இது ஆரத்தில் 0.3 மைக்ரான் தேய்மானம். ஜாப் விட்டத்தில் இரட்டிப்பாகி 0.6 மைக்ரான். பத்து ஜாப் ஓடினால் 6 மைக்ரான். நம் 11-இல் பாதிக்கு மேல் போய்விட்டது. ஸ்லைடு ஒவ்வொரு முறையும் சரியாக அதே இடத்தில்தான் வந்து நின்றிருக்கும்.

அடுத்தது வெப்பம். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். ஸ்லைடை நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் 300 மி.மீ. நீளம் 5 டிகிரி சூடேறினால் 17 மைக்ரான் நகர்வு, விட்டத்தில் 34. இதைத் தவிர்க்கவே ஸ்லைடில் கண்ணாடி லீனியர் ஸ்கேல் வைக்கிறார்கள். கண்ணாடியில் நுண்ணிய கோடுகள் சீரான இடைவெளியில் பொறிக்கப்பட்டிருக்கும். வாசிக்கும் தலை ஒளியைக் கொண்டு அவற்றை எண்ணி, இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தையும் நுண்மையாகப் பிரித்துச் சொல்லும். ஸ்க்ரூ நீண்டாலும் ஸ்லைடு உண்மையில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆனாலும் ஸ்லைடிலிருந்து வீலின் வெளிமுகம் வரை உள்ள தூரம் ஸ்கேலுக்குத் தெரியாது. வீலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் சூடேறி, அதைத் தாங்கும் வீல்ஹெட் வளர்வதும், வீல் தேய்வதும், வெட்டும் விசையில் ஜாப் பின்னால் வளைவதும் அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கின்றன.

(ஸ்கேல் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கிரைண்டிங் மெஷினுக்குள் எப்போதும் கூலன்ட் புகை மிதக்கும். ஸ்கேல் உறைக்குள் வடிகட்டி உலர்த்திய காற்றைச் சிறிய அழுத்தத்தில் தொடர்ந்து செலுத்த வேண்டும். கம்ப்ரஸர் லைனில் எண்ணெயும் தண்ணீரும் வந்தால், காப்பாற்ற வைத்த காற்றே கண்ணாடியை அழுக்காக்கும். அச்சு இயங்கும்போது காரணமில்லாமல் என்கோடர் அலாரம் வந்தால் முதலில் அந்த ஃபில்டரைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.)

ஜாப்பையே தொட்டு அளப்பது

எனவே விடை ஒன்றுதான்: வீல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஜாப்பின் விட்டத்தை நேரடியாகத் தொட்டு அளக்க வேண்டும். இதைத்தான் இன்-பிராசஸ் கேஜ் செய்கிறது. 1952-இல் இத்தாலியின் போலோன்யா பகுதியில் மாரியோ பொசாட்டி தொடங்கிய மார்போஸ் நிறுவனம் இந்த வகைக் கேஜ்களால்தான் பெயர் பெற்றது. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. அடிப்படை அமைப்பு அதிகம் மாறவில்லை.

வீல் ஒரு பக்கத்திலிருந்து வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து கேஜ் ஹெட் வரும். அதில் இரண்டு விரல்கள். ஒன்று ஜாப்பை மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் தொடும். விரல் நுனியில் கார்பைடு அல்லது வைரத் துணுக்கு. விரல் திரும்பும் மூட்டில் பேரிங் வைப்பதில்லை; மெல்லிய ஸ்பிரிங் தகடுகள்தான் வளைந்து கொடுக்கும். தகட்டு மூட்டில் ஆட்டமும் கிடையாது, உராய்வும் கிடையாது. விரலின் மறுமுனையில் சென்சார்.

அந்தச் சென்சார் பெரும்பாலும் எல்விடிடி (லீனியர் வேரியபிள் டிஃபரென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர்). 1940-இல் அமெரிக்காவில் ஹோட்லி என்பவர் பெற்ற காப்புரிமையில் விவரிக்கப்பட்டு, 1946-இல் ஹெர்மன் ஷேவிட்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு தொழில்துறையில் பரவிய கருவி. நடுவில் ஒரு சுருள். அதற்குச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் கொடுக்கப்படும். இருபுறமும் எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்கள். நடுவே நகரும் ஒரு காந்தத்தன்மையுள்ள தண்டு. தண்டு சரியாக நடுவில் இருந்தால் இரண்டு சுருள்களிலும் எழும் மின்னழுத்தம் ஒன்றையொன்று அடித்துவிடும், வெளியே பூஜ்யம். ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் கூடும். எவ்வளவு கூடியது என்பது தூரத்தைச் சொல்லும். அலையின் கட்டம் திசையைச் சொல்லும். தண்டும் சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதால் தேய ஒன்றுமில்லை. 0.1 மைக்ரான் வரை பிரித்துக் காட்டுவது இதற்குச் சிரமமில்லாத வேலை.

இரண்டு விரலுக்கும் இரண்டு சென்சார் ஏன்? ஜாப், அதை இருமுனையிலும் தாங்கும் கூர்முனைகளான சென்டர்களுக்கு நடுவே, வெட்டும் விசையால் 3 மைக்ரான் மேலே தள்ளப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்விரல் +3, கீழ்விரல் -3. கூட்டினால் பூஜ்யம். ஜாப் அசைந்தாலும் கூட்டுத்தொகை விட்டத்தை மட்டுமே சொல்லும். ஒரே விரலால் அளந்தால் ஜாப் நகர்ந்ததா, விட்டம் குறைந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை.

சுழற்சி எப்படி ஓடுகிறது

கேஜ், மெஷினுக்கு எண்ணை அனுப்புவதைவிட முக்கியமாக, கட்டளைகளை அனுப்புகிறது. 0.3 மி.மீ. ஸ்டாக் (எடுக்க வேண்டிய உலோகம்) உள்ள நம் ஷாஃப்ட்டில் ஒரு நியாயமான அமைப்பு இப்படி இருக்கும். ரஃப் ஃபீடு, அதாவது முதல் கட்டத்தில் வீல் உள்ளே நகரும் வேகம், விட்டத்தில் நொடிக்கு 20 மைக்ரான். இன்னும் 60 மைக்ரான் பாக்கி என்று கேஜ் சொன்னதும் முதல் சிக்னல். ஃபீடு நொடிக்கு 5 மைக்ரானாகக் குறையும். 10 மைக்ரான் பாக்கியில் இரண்டாவது சிக்னல். ஃபீடு நொடிக்கு 1 மைக்ரான். பூஜ்யத்தில் கடைசிச் சிக்னல், வீல் பின்வாங்கும்.

கடைசியில் ஏன் இவ்வளவு நிதானம்? சிக்னல் கிளம்பி, கன்ட்ரோலர் வாங்கி, ஸ்லைடு நிற்பதற்குள் 0.1 நொடி ஆகிறது என்று வையுங்கள். ரஃப் ஃபீடிலேயே முடித்தால் அந்த நேரத்தில் 2 மைக்ரான் கூடுதலாகப் போகும். அதுவும் ஒவ்வொரு ஜாப்பிலும் ஒரே மாதிரி போகாது. ஃபினிஷ் ஃபீடில் அதே தாமதம் 0.1 மைக்ரான்தான். சைக்கிள் டைமைக் குறைக்க வேண்டும் என்று யாராவது கடைசி ஃபீடைக் கூட்டினால், மறுநாள் சைஸ் பரவல் கூடியிருக்கும். பழி கேஜ் மேல் விழும். நேரம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

வெட்டும்போது ஜாப்பும் வீல்ஹெட்டும் கொஞ்சம் வளைந்து நிற்கின்றன. ஃபீடை நிறுத்தினாலும் அந்த வளைவு விடுபடும் வரை வீல் வெட்டிக்கொண்டே இருக்கும். தீப்பொறி மெல்ல அடங்கும். இதுதான் ஸ்பார்க் அவுட். இதை நொடிக்கணக்கில் வைப்பதைவிட ஜாப் எத்தனை சுற்று என்ற கணக்கில் யோசிப்பது நல்லது. ஜாப் நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் நொடிக்கு இரண்டு. ஒரு நொடி ஸ்பார்க் அவுட் என்பது வெறும் இரண்டு சுற்று. ஜாப்பில் 2 மைக்ரான் ஓவல் மிச்சமிருந்தால் கேஜ் எண் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். முதல் முறை கீழே தொட்டபோதே பூஜ்யச் சிக்னல் போய்விடும். பிறகு மைக்ரோமீட்டரில் பிடிக்கும் பக்கத்துக்கு ஒரு சைஸ் வரும்.

கேஜ் பொருத்துவதில் ஒரு நுணுக்கம்

இரண்டு விரல் நுனிகளும் ஜாப்பின் மையக் கோட்டில் சரியாக உட்கார வேண்டும். 0.5 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் அவை அளப்பது விட்டத்தை அல்ல, அதற்குப் பக்கத்து நாணை. 40 மி.மீ. ஜாப்பில், கூர்மையான நுனி என்று வைத்துக் கணக்கிட்டால், வித்தியாசம் 12.5 மைக்ரான். கேஜுக்கு அளவு சொல்லிக் கொடுக்கும் மாதிரித் துண்டான மாஸ்டரிலும் அதே 0.5 தள்ளித்தானே உட்காரும், கழிந்துவிடுமே என்று தோன்றும். ஹெட் ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே இடத்துக்கு வந்தால் கழியும். வராது. ஹைட்ராலிக் சிலிண்டர் ஹெட்டை முன்னே தள்ளி நிறுத்தத்தில் முட்டும்போது, அங்கே ஒரு துணுக்குச் சிப் ஒட்டியிருந்தாலும் நிலை 0.05 மி.மீ. மாறலாம். மையத்திலிருந்து 0.5 தள்ளியிருக்கும்போது இந்த 0.05 மாற்றம் எண்ணில் 2.5 மைக்ரானுக்கு மேல் காட்டும். மையத்திலேயே இருந்தால் அதே 0.05 மாற்றம் 0.13 மைக்ரானுக்கு மேல் போகாது.

காரணம் வட்டத்தின் வடிவம்தான். மையத்துக்கு அருகே நாணின் நீளம் கிட்டத்தட்ட மாறுவதேயில்லை; தள்ளிப் போகப் போகச் சரிவு கூடும். எனவே பொருத்தும் முறை எளிது. மாஸ்டரைச் சென்டரில் பிடித்து, கேஜ் ஹெட்டின் நிறுத்தத் திருகைத் தளர்த்தி, ஹெட்டை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எண் ஏறும், ஓர் இடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். அந்த உச்சியில் பூட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஜாப் விட்டம் மாறி செட்டிங் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய இந்த வேலை அவசரத்தில் விட்டுப்போவதுதான் வழக்கம்.

நுனித் தேய்மானமும் இதோடு சேர்ந்தது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான ஜாப் சுழலும்போது கார்பைடு நுனியில் தட்டையோ பள்ளமோ விழும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஜாப்பின் வளைவு நுனியில் பதிந்திருப்பது தெரியும். மாஸ்டர் பண்ணினால் தேய்மானம் ஈடாகிவிடும் என்று நினைத்து விடக் கூடாது. சுழலும் ஜாப் பள்ளத்தில் உட்காரும் விதமும் நிற்கும் மாஸ்டர் அதன் ஓரத்தில் உட்காரும் விதமும் வேறு. நுனியைத் திருப்பிப் போடலாம், அல்லது மாற்றலாம்.

மாஸ்டரும் வெயிலும்

இன்-பிராசஸ் கேஜுக்கு 40 மி.மீ. என்றால் என்னவென்று தெரியாது. அது ஒப்பிட மட்டுமே செய்யும். மாஸ்டரை வைத்து ‘இதுதான் இந்த அளவு’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு ஜாப் அதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்கிறது. மாஸ்டரில் உள்ள பிழை ஒரு மைக்ரானும் குறையாமல் ஜாப்புக்குப் போகும். மாஸ்டர் மேல் 40 என்று பொறித்திருக்கும். காலிபிரேஷன் சான்றிதழில் 40.0018 என்று இருக்கும். செட்டிங்கில் போட வேண்டியது இரண்டாவது எண்.

நீளத்தை 20 டிகிரி செல்சியஸில் சொல்வது என்று உலக அளவில் 1931-இல் முடிவானது. டிராயிங்கில் உள்ள 40.002-ம் 20 டிகிரிக்குத்தான். கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ ஏசி இல்லாத ஷெட்டில் ஏப்ரல் மதியம் 36 டிகிரி என்றால் எல்லாமே தப்பாகிவிடுமா? ஆகாது. எஃகு ஜாப், எஃகு மாஸ்டர், இரண்டும் 36 டிகிரியில் இருந்தால் இரண்டும் சமமாக விரிந்திருக்கும்; வித்தியாசம் பூஜ்யம். கெடுப்பது சூடு அல்ல, சூட்டில் உள்ள வித்தியாசம். 40 மி.மீ. எஃகில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.46 மைக்ரான்.

இப்போது, நல்ல எண்ணத்தோடு நடக்கும் ஒரு தவறைப் பாருங்கள். மாஸ்டர் விலையுயர்ந்தது, பத்திரமாக இருக்கட்டும் என்று குவாலிட்டி அறையில் 22 டிகிரி ஏசியில் வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் தொடங்கியதும் எடுத்து வந்து, 36 டிகிரியில் உள்ள மெஷினில் ஏற்றி, உடனே ஜீரோ போடுகிறார்கள். 14 டிகிரி வித்தியாசம், மாஸ்டர் 6.4 மைக்ரான் சுருங்கிய நிலையில் இருக்கிறது. கேஜ் அந்தச் சுருங்கிய அளவைச் சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். நடு அளவான 40.0075-ஐக் குறிவைத்து ஓட்டும் ஜாப்கள் உண்மையில் 40.0011-க்கு வரும். கீழ் எல்லை 40.002. அதாவது அன்று காலை ஓடிய ஜாப் எல்லாமே ஸ்கிராப். கேஜ், மெஷின், ஆபரேட்டர் எதிலும் எந்தக் கோளாறும் இல்லை. மாஸ்டரின் இடம் மெஷின் பக்கத்தில்தான்: மூடி போட்ட மரப்பெட்டியில், மெஷின் சூட்டிலேயே. ஏற்றும்போது கையுறையோடு, ஓரத்தைப் பிடித்து.

ஜாப் பக்கத்திலும் இதே பிரச்சினை எதிர்த்திசையில் உண்டு. வெட்டும்போது ஜாப் சூடாகிறது. பூஜ்யச் சிக்னல் வரும் கணத்தில் மாஸ்டரைவிட 6 டிகிரி கூடுதலாக இருந்தால், ஆறியபின் 2.8 மைக்ரான் சிறிதாகும். 11-இல் கால் பங்கு. இதை நிரந்தரமாக ஒரே அளவில் வைத்திருந்தால் கவலையில்லை, ஆஃப்செட்டில் அடக்கிவிடலாம். முறை இது: மெஷின் நன்றாகச் சூடேறிய பின் ஐந்து ஜாப்களைத் தொடர்ந்து ஓட்டுங்கள். அவற்றை மாஸ்டரோடு சேர்த்து கிரானைட் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு அளங்கள். குறிவைத்த அளவுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேஜில் திருத்தமாகப் போடுங்கள். பிறகு இதையே காலையில் முதல் ஜாப்பிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் செய்து பாருங்கள். திருத்தம் ஒரே எண்ணாக வந்தால் எல்லாம் நலம். காலைக்கும் மாலைக்கும் 3 மைக்ரான் மாறினால், கேஜைத் திருகிப் பயனில்லை. கூலன்ட் தொட்டியின் சூட்டைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஜாப்பின் சூட்டை முடிவு செய்வது அதன் மேல் கொட்டும் கூலன்ட்தான். சில்லர் இருந்தால் அதைக் குறைந்த டிகிரியில் வைப்பதைவிட ஷெட்டின் சூட்டை ஒட்டி, ஒரு டிகிரிக்குள் ஏறி இறங்குமாறு வைப்பதே மேல்.

அலுமினிய ஜாப்புக்கு இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது. அது ஏறக்குறைய இரண்டு மடங்கு, மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். எஃகு மாஸ்டரோடு ஒப்பிட்டால் 36 டிகிரியில் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் 40 மி.மீ.-க்கு 7 மைக்ரானுக்கு மேல் தப்பு வரும். அதே உலோகத்தில் மாஸ்டர் செய்துகொள்வது சுருக்கமான வழி.

எந்தப் பக்கம் தவறும்?

கேஜ் தவறினால் ஜாப் பெரிதாகுமா, சிறிதாகுமா என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். விரலுக்கும் ஜாப்புக்கும் நடுவே ஒரு சிப் சிக்கினால் கேஜ் பெரிய எண்ணைக் காட்டும். இன்னும் சைஸ் வரவில்லை என்று மெஷின் வெட்டிக்கொண்டே போகும். முடிவு: அண்டர்சைஸ். விரலை மூடும் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கூலன்ட் பசை சேர்ந்து, விரல் விரிந்தபடியே ஒட்டிக்கொண்டாலும் அதே முடிவுதான். அதாவது வழக்கமான கோளாறுகள் எல்லாம் ஆபத்தான பக்கமே சாய்கின்றன.

இதற்கு மெஷினிலேயே ஒரு காவல் உண்டு. பல இடங்களில் அதைப் போட்டு வைப்பதில்லை. ஸ்லைடின் நிலைக்கு ஒரு ஜன்னல் வையுங்கள். முந்தைய ஜாப்பில் பூஜ்யச் சிக்னல் வந்தபோது ஸ்லைடு எங்கே நின்றதோ அதிலிருந்து, உதாரணமாக 15 மைக்ரானுக்கு மேல் தாண்டியும் சிக்னல் வராவிட்டால், வீலைப் பின்வாங்கி அலாரம் கொடுக்கச் சொல்லுங்கள். வீலின் முகத்தை வைரத்தால் சீவிப் புதுப்பிக்கும் டிரெஸ்ஸிங்குக்குப் பிறகு வரும் முதல் ஜாப்புக்கு மட்டும் ஜன்னலைச் சற்று அகலமாக வைக்கலாம். ஸ்லைடு ஸ்கேல் தனியாக நம்பத்தகாதது. கேஜும் தனியாக நம்பத்தகாதது. இரண்டும் ஒன்றையொன்று கண்காணித்தால் அண்டர்சைஸ் பெருமளவு நிற்கும்.

கீவே, ஸ்ப்ளைன் உள்ள ஜாப்களில் விரல் பள்ளத்தில் விழும். அப்போது எண் திடீரென்று சிறிதாகத் தெரிந்து, வேலை முடியுமுன்பே வீல் பின்வாங்கும். ஓவர்சைஸ் என்பதால் ரீவொர்க் உண்டு, ஆனால் நேரம் போகும். பள்ளத்தைவிட அகலமான நுனி, விரலின் அசைவை மட்டுப்படுத்தும் டேம்பர், பள்ளத்தின் வாசிப்பை ஒதுக்கிவிட்டு மேட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் எலெக்ட்ரானிக்ஸ் என்று மூன்று வழிகள். குறுகிய கீவேக்கு முதல் வழியே போதும்.

இரண்டு விரலுக்குத் தெரியாதது

மூன்று மேடுள்ள வடிவம் ஒன்று உண்டு: எந்தப் பக்கம் பிடித்தாலும் விட்டம் ஒன்றே, ஆனால் வட்டமில்லை. பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயம் ஏழு பக்கமுள்ளது. அதுவும் இதே குடும்பம்தான், எங்கே பிடித்தாலும் ஒரே அகலம். ஒரு மேட்டுக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் வருவதால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. இன்-பிராசஸ் கேஜும் மைக்ரோமீட்டரும் இதற்குக் குருடு. ஜாப்பைச் சென்டரில் பிடிக்காமல் வொர்க் பிளேடு என்ற தகட்டின் மேல் தாங்கி அரைக்கும் சென்டர்லெஸ் கிரைண்டிங்கில், அந்த பிளேடின் உயரம் சரியில்லாதபோது, ஒற்றைப்படை மேடுகள் எளிதில் விழும். சைஸ் எல்லாம் சரியாக இருந்தும் அசெம்பிளியில் ரிங் ஏறாவிட்டால், ஜாப்பை 60 டிகிரி வி-பிளாக்கில் வைத்து மேலே டயல் வைத்துச் சுழற்றுங்கள். மூன்று மேடு இருந்தால் அது டயலில் மூன்று மடங்காகத் தெரியும். வி-பிளாக்கில் ஆட்டம், மைக்ரோமீட்டரில் அமைதி என்றால் சந்தேகமே வேண்டாம்.

காதுக்கு எட்டாத சத்தம்

நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் காற்றில் கிரைண்டிங் ஓடும் இடம். முந்தைய ஆப்பரேஷனிலிருந்து வரும் ஜாப்களின் ஸ்டாக் ஒன்றுபோல் இருக்காது. பெரிய ஜாப் வந்தால் மோதக் கூடாது என்று செட்டர் 0.3 மி.மீ. முன்னாலேயே ரஃப் ஃபீடைத் தொடங்கிவிடுவார். நொடிக்கு 20 மைக்ரான் வேகத்தில் அந்த 0.3-ஐக் கடக்க 15 நொடி. அத்தனையும் வெறும் காற்று. ரஃப் ஃபீடில் உண்மையில் வெட்டுவதற்கே 12 நொடிதான் ஆகிறது.

அக்கூஸ்டிக் எமிஷன் சென்சார் இதை மாற்றுகிறது. வீலின் தானியம் உலோகத்தைத் தொட்டதும் மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு வெகு மேலே அதிர்வலை கிளம்பி இரும்பு வழியே ஓடும். பம்ப், பெல்ட், கியர் எல்லாம் எழுப்பும் சத்தம் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே என்பதால் பிரித்தெடுக்கலாம். வீலைப் பல மடங்கு வேகத்தில் நெருங்கவிட்டு, தொட்ட சில மில்லி நொடிகளில் ரஃப் ஃபீடுக்கு மாற்றலாம். இதன் வெற்றி தோல்வி, சென்சாரை எங்கே ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. அலை ஒவ்வொரு மூட்டிலும் பாதியில் அடிபடும். ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெய்ல்ஸ்டாக்கில் சென்டருக்கு அருகே, பெயின்ட் சுரண்டிய சமதளத்தில், கிரீஸ் தடவி இறுக்கினால் நல்ல சிக்னல் கிடைக்கும். கவர் தகட்டில் ஒட்டினால் தகட்டின் கதைதான் கேட்கும்.

டிரெஸ்ஸிங்கிலும் இது பெரிய உதவி. சாதாரண வீலை ஒரு பாஸுக்கு 10 முதல் 25 மைக்ரான் வரை டிரெஸ் பண்ணுவார்கள். வைரம் தொடுவது காதுக்கே கேட்கும். சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) வீலில் 2, 3 மைக்ரான்தான் எடுப்பது. கூலன்ட் இரைச்சலில் எதுவும் கேட்காது. வீலின் அகலம் முழுக்கச் சிக்னல் சீராக வந்தால் டிரெஸ்ஸிங் முழுமை. நடுவில் பள்ளம் தெரிந்தால் அங்கே வைரம் தொடவில்லை, இன்னொரு பாஸ் தேவை.

ஸ்பிண்டில் பவர் சென்சார் மலிவானது, சற்று மெதுவானது, ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரையும்விட நன்றாகச் சொல்லும்: வீல் மழுங்குவதை. அதே ஸ்டாக், அதே ஃபீடு, ஆனால் ஜாப்புக்கு ஜாப் பவர் ஏறுகிறது என்றால் தானியங்கள் வெட்டாமல் தேய்க்கின்றன. அந்தச் சக்தி சூடாக ஜாப்புக்குள் போகிறது. சைஸ் சரியாகவே வரும், தோல் மட்டும் எரிந்திருக்கும். பவர் ஓர் எல்லையைத் தொட்டதும் டிரெஸ்ஸிங் என்று வைப்பது, இத்தனை ஜாப்புக்கு ஒருமுறை என்று வைப்பதைவிடச் சிறந்தது.

வீல்ஹெட்டில் உள்ள அதிர்வு சென்சார் பேலன்ஸுக்கு. தானியங்கி பேலன்ஸர் இருந்தாலும் ஒரு பழக்கம் வேண்டும்: வீலை நிறுத்துமுன் கூலன்ட்டை நிறுத்தி, சில நிமிடம் வெறுமனே சுழலவிட்டு உலர்த்துவது. வீல் நுண்துளை நிறைந்தது. நின்றால் உள்ளிருக்கும் கூலன்ட் கீழ்ப்பாதியில் இறங்கித் தேங்கும். காலையில் ஓட்டியதும் அதிர்வு எகிறி, முதல் சில ஜாப்களில் அலையலையாகக் கோடு விழும்.

திருத்திக்கொண்டே இருந்தால்

சென்டர்லெஸ் போன்ற இடங்களில் வெட்டும்போது அளப்பது கடினம். ஜாப் வெளியே வந்தபின் அளந்து, வித்தியாசத்தை மெஷினுக்குத் திருப்பி அனுப்புவார்கள். இங்கே ஆர்வக்கோளாறு ஒன்று நடக்கும். ஒரு ஜாப் 2 மைக்ரான் பெரிதாக வந்தால் உடனே 2 குறைப்பது; அடுத்தது 1 சிறிதாக வந்தால் 1 கூட்டுவது. அந்த ஏற்ற இறக்கம் இயல்பான சிதறல் என்றால், ஒவ்வொரு ஜாப்புக்கும் முழுத் திருத்தம் கொடுப்பதால் சிதறல் 1.4 மடங்காகப் பெருகும். சும்மா விட்டிருந்தால் குறைவாக இருந்திருக்கும். ஐந்து ஜாப்களின் நடு எண்ணை எடுத்து, வித்தியாசத்தில் பாதியை மட்டும் திருத்தினால் வீல் தேய்மானம் போன்ற உண்மையான நகர்வு பிடிபடும். சிதறலைத் துரத்த வேண்டியிருக்காது.

சைஸ் ஓடினால் தேடும் வரிசை

மெஷினைத் திறக்குமுன், மாஸ்டரை ஏற்றி, ஹெட்டைப் பத்து முறை பின்னிழுத்து முன்னே விட்டு எண்களை எழுதுங்கள். மிகப் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் 0.5 மைக்ரானுக்குள் இருந்தால் சென்சார், தகட்டு மூட்டு, நிறுத்தம் எல்லாம் நலம். 2, 3 மைக்ரான் சிதறினால் நிறுத்தத்தில் அழுக்கு, தளர்ந்த நுனி, அல்லது ஹெட் மையத்தில் இல்லை.

அடுத்து, ஹெட்டை மாஸ்டர் மேலேயே அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். எண் ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் உறைக்குள் கூலன்ட் புகுந்திருக்கலாம், அல்லது மாஸ்டர் இன்னும் மெஷின் சூட்டுக்கு வரவில்லை. ஸ்பிண்டில் டிரைவை ஆன், ஆஃப் செய்யும்போது எண் துள்ளினால் கேபிளின் கவசமும் எர்த்தும்தான் பார்க்க வேண்டியவை.

இரண்டிலும் கேஜ் தேறிவிட்டு, ஜாப் மட்டும் 6 மைக்ரான் சிதறுகிறதா? அப்போது கேஜைத் தொடாதீர்கள். கடைசி ஃபீடு, ஸ்பார்க் அவுட் சுற்றுகள், கூலன்ட் தொட்டியின் சூடு, வீலின் மழுங்கல் என்ற வரிசையில் போங்கள். அதற்கும் பிடிபடாவிட்டால் ஜாப்பின் இருமுனையிலும் உள்ள சென்டர் துளைகளைத் துடைத்துப் பாருங்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டில் ஒட்டிய கருந்தோல் உள்ளே இருந்தால் ஜாப் சென்டரில் முழுதாக உட்காராது, சுழலும்போது தாவும், ஓவல் விழும், கேஜ் அதன் குறுகிய பக்கத்தைப் பார்த்துச் சைஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிடும்.